மதுரை வெயிலில் எலுமிச்சை பண்ட் கேக்: முதல் முறை செய்பவர்களுக்கு

நான் முதல் முறை இந்தக் கேக்கைச் செய்தபோது நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்க வேண்டும்’ என்று செய்முறையில் எழுதியிருந்தது. சித்திரை மாதம், மதியம் மூன்று மணி. வெண்ணெயை எடுத்து அடுப்படி மேடையில் வைத்துவிட்டு, தெருமுனைக் கடைக்கு எலுமிச்சம்பழம் வாங்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பாதி வெண்ணெய் கிண்ணத்தின் அடியில் எண்ணெயாக நின்றது. பரவாயில்லை என்று அதிலேயே சர்க்கரையைப் போட்டு அடித்தேன். கேக் எழும்பவே இல்லை. வெட்டிப் பார்த்தால் அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் களி போல ஒரு பட்டை.

செய்முறையில் தப்பு இல்லை. அதை எழுதியவரின் அறை 20 டிகிரி. சித்திரையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தாலும் மதுரையில் அடுப்படி 35 டிகிரியைத் தாண்டும். வெண்ணெய் மட்டுமில்லை, அவர்கள் சொல்லும் எலுமிச்சை வேறு, சர்க்கரை வேறு. அந்த வித்தியாசங்களைத் தெரிந்துகொண்டால் இந்தக் கேக் பெரிய வித்தையே இல்லை. அதனால் நம் ஊருக்கு எதை எப்படி மாற்றிக்கொள்வது என்பதைத்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

பண்ட் கேக் என்பது என்ன

நடுவில் ஓட்டையும் சுற்றிலும் வரிவரியாக மடிப்புகளும் உள்ள வட்டமான கேக். அதற்கென்று தனி மாவு கிடையாது, அச்சை வைத்துத்தான் அந்தப் பெயர். ஜெர்மன் பேசும் நாடுகளில் கூகல்ஹுப்ஃப் என்ற பழைய கேக் உண்டு. அதைக் கனமான பீங்கான் அச்சில் செய்வார்கள். அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் ஹடாசா என்ற யூதப் பெண்கள் அமைப்பைச் சேர்ந்த சிலர், அதே மாதிரி ஒரு அச்சை அலுமினியத்தில் செய்து தர முடியுமா என்று நார்டிக் வேர் நிறுவனத்தின் டேவிட் டால்க்விஸ்டிடம் கேட்டார்கள். 1950-இல் அவர் வார்த்துக் கொடுத்ததுதான் இன்றைய பண்ட் அச்சு. பல வருடம் அது பெரிதாக விற்கவில்லை. 1966-இல் பில்ஸ்பரி மாவு நிறுவனம் நடத்திய சமையல் போட்டியில் இந்த அச்சில் செய்த ஒரு சாக்லேட் கேக் இரண்டாம் பரிசு வாங்கியது. அதற்கப்புறம் அச்சுக்கு அடிதடி வந்துவிட்டது.

‘பண்ட்’ என்பது நார்டிக் வேர் நிறுவனம் பதிவு செய்த பெயர். அதனால் மற்றவர்கள் செய்யும் அச்சு ரிங் மோல்டு, டியூப் பேன் என்ற பெயர்களில் கடைக்கு வரும். பாத்திரக் கடையில் ‘பண்ட்’ என்று கேட்டு இல்லை என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். நடுவில் குழாய் வைத்த கேக் அச்சு என்று கேளுங்கள்.

அந்த ஓட்டை அழகுக்கு இல்லை. உளுந்த வடையில் ஏன் ஓட்டை போடுகிறோமோ அதே காரணம்தான். கனமான மாவு வெளியே கருகுவதற்குள் நடுவிலும் வேக வேண்டும். குழாய் வழியாகச் சூடு உள்ளே போவதால் நடுப்பகுதி என்று ஒன்றே இருக்காது.

அச்சும் அடுப்பும்

அமெரிக்கச் செய்முறைகள் பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு கப் அச்சுக்கு எழுதியவை. நம் வீட்டு ஓடிஜிக்கு (மேடைமேல் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) அது பெரிது. மேல் கம்பிக்கு மிக அருகில் போய்விடும். முதல் முறைக்கு ஆறு கப், அதாவது கிட்டத்தட்ட 1.4 லிட்டர் பிடிக்கும் அச்சு போதும். உங்களிடம் இருக்கும் அச்சின் அளவு தெரியவில்லை என்றால் அளவு டம்ளரால் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீழே கொடுத்திருக்கும் அளவு 1.4 லிட்டருக்கானது.

அலுமினியம் நல்லது. சீராகச் சூடாகும். கறுப்பு நிற நான்ஸ்டிக் என்றால் சூட்டைக் கூடுதலாக இழுக்கும், 10 டிகிரி குறைத்து வையுங்கள். சிலிகோன் அச்சை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கேக் சுலபமாக வெளியே வரும், ஆனால் மேல்தோல் சிவக்காது, மடிப்புகள் மழுங்கிப்போகும். மடிப்பு தெரியவில்லை என்றால் இந்த அச்சு வாங்கியதற்கே அர்த்தமில்லை.

ஓடிஜி நிறைய மின்சாரம் இழுக்கும். 15 ஆம்பியர் பவர் பிளக்கில்தான் போட வேண்டும், இன்வர்ட்டரில் ஓட்ட முடியாது. அதனால் கேக் செய்யும் நாளுக்கு முன்தினம் உங்கள் பகுதியில் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்திருக்கிறார்களா என்று செய்தித்தாளில் பார்த்துவிடுங்கள். பாதியில் கரண்ட் போனால் கதவைத் திறக்கவே கூடாது. ஐந்து, பத்து நிமிடத்தில் வந்துவிட்டால் கேக் தப்பிக்கும்.

ஓவன் இல்லாதவர்கள் அடிகனமான பழைய பாத்திரத்தில் ஒரு அங்குலம் கல்லுப்பு பரப்பி, அதன்மேல் ஸ்டாண்டு வைத்து, மூடி போட்டுப் பத்து நிமிடம் சூடாக்கி, அச்சை உள்ளே வைத்துச் சிறு தீயில் 50 நிமிடம் விடலாம். மேலே சிவக்காது, ஆனால் வேகும். குழாய் வைத்த அச்சு என்பதால் சாதாரண வட்டத் தட்டைவிட இந்த முறைக்கு இதுவே பொருத்தம்.

எலுமிச்சை: வாசனை தோலில்தான்

புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் செய்யும் ஒரே தவறு சாற்றைக் கூட்டுவது. எலுமிச்சை வாசனை வரவில்லை, அடுத்த முறை இன்னும் இரண்டு பழம் பிழியலாம் என்று நினைப்பார்கள். சாற்றில் இருப்பது புளிப்பு. வாசனை தோலின் மேற்பரப்பில், கண்ணுக்குத் தெரியும் சின்னச் சின்னப் புள்ளிகளுக்குள் எண்ணெயாக இருக்கிறது. பழத்தோலை விளக்குச் சுடர் பக்கத்தில் வைத்து நசுக்கினால் படபடவென்று பொறி பறக்குமே, அந்த எண்ணெய்தான். சாறு அதிகமானால் கேக் புளிக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது, எந்த எலுமிச்சை என்பது. வெளிநாட்டுச் செய்முறையில் ‘இரண்டு லெமன்’ என்று வரும். அந்த லெமன் பெரியது, தடித்த தோல், நுனியில் முலைக்காம்பு போலக் கூர்மை இருக்கும். ஒன்றைத் துருவினாலே ஒரு மேசைக்கரண்டி தோல் கிடைக்கும். நம் ஊர் எலுமிச்சையை அவர்கள் லைம் என்பார்கள். சின்னது, தோல் மெலிசு, சாறு இன்னும் புளிப்பு. ஒரு பழத்துக்கு ஒரு தேக்கரண்டி துருவல் கிடைத்தால் அதிகம். ஆகவே அவர்களுடைய இரண்டுக்கு நம்முடையது ஐந்தாறு வேண்டும். ஆனால் அத்தனையின் சாற்றையும் மாவில் ஊற்றக் கூடாது.

மாட்டுத்தாவணி மார்க்கெட்டிலோ தெருவில் வரும் தள்ளுவண்டியிலோ வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். முழுப்பச்சைக் காயில் வாசனை இருந்தாலும் கசப்பும் கூடவே வரும். பச்சை போய் மஞ்சள் ஏறிக்கொண்டிருக்கும் பழமே இதற்குச் சரி. தோல் பளபளப்பாக, வழவழவென்று, கரும்புள்ளி இல்லாமல் இருக்க வேண்டும். வாடிய பழத்தைத் துருவ முடியாது, தோல் உள்வாங்கிக்கொள்ளும். கோயிலில் கொடுத்த பழத்தில் குங்குமம் பட்டிருக்கும், அதை இதற்கு எடுக்காதீர்கள். வாங்கி வந்ததை வெதுவெதுப்பான தண்ணீரில் உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்துவிடுங்கள்.

துருவுவதற்கு இஞ்சி துருவும் பொடிக்கண் துருவி போதும். பழத்தை ஒரே இடத்தில் வைத்துத் தேய்க்காமல் ஒரு இழுப்புக்கு ஒரு முறை உருட்ட வேண்டும். நம் பழத்தின் நிறத்தோல் காகிதம் போல மெலிசு. இரண்டாவது இழுப்பிலேயே வெள்ளை தெரிந்துவிடும், அந்த வெள்ளைதான் கசப்பு. கொஞ்சம் பச்சை மிச்சம் இருந்தாலும் பரவாயில்லை, வெள்ளை வரக் கூடாது.

துருவியதும் அதைத் தனியாக வைக்காமல் அளந்து வைத்த சர்க்கரையிலேயே நேராக விழ விடுங்கள். அப்புறம் விரல் நுனிகளால் புட்டுமாவு பிசிறுவது போல இரண்டு நிமிடம் பிசிறுங்கள். சர்க்கரையின் முனைகள் தோலைக் கீறி எண்ணெயை வெளியே எடுக்கும். வெள்ளையாக இருந்த சர்க்கரை லேசான மஞ்சளாக மாறி, ஈர மணல் போல விரலில் ஒட்டும். அந்த நேரத்தில் வீடு முழுவதும் மணக்கும். கேக்குக்கு எங்கிருந்து வாசனை வருகிறது என்று இந்த ஒரு கட்டத்திலேயே புரிந்துவிடும். என்னைக் கேட்டால் மொத்தச் செய்முறையிலும் தவிர்க்கவே கூடாத வேலை இதுதான்.

ஒரு எச்சரிக்கை. எலுமிச்சைத் தோலின் எண்ணெயும் சாறும் கையில் இருக்கும்போது வெயிலில் போனால் தோல் வெந்தது போலச் சிவந்து, பின்னால் கறுப்புத் திட்டாக நிற்கும். சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டுத்தான் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போக வேண்டும்.

தேவையானவை

மைதா 175 கிராம்
கார்ன்ஃப்ளார் 15 கிராம்
பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி
சமையல் சோடா கால் தேக்கரண்டி
உப்பு கால் தேக்கரண்டி
உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம்
சர்க்கரை 200 கிராம்
முட்டை 2
கெட்டித் தயிர் 80 கிராம், பால் 40 மி.லி. (இரண்டையும் கலந்து வைக்கவும்)
எலுமிச்சம்பழம் 6: ஐந்தின் தோல், மாவுக்கு 2 மேசைக்கரண்டி சாறு, மிச்சச் சாறு பாகுக்கும் மேல்பூச்சுக்கும்

பாகுக்கு: சர்க்கரை 60 கிராம், எலுமிச்சைச் சாறு 3 மேசைக்கரண்டி, தண்ணீர் 2 மேசைக்கரண்டி

மேல்பூச்சுக்கு: ஐசிங் சர்க்கரை 100 கிராம், சாறு 3 முதல் 4 தேக்கரண்டி

அச்சுக்குத் தடவ: நெய், எண்ணெய், மைதா மூன்றும் ஒவ்வொரு மேசைக்கரண்டி

கடையில் ‘சோள மாவு’ என்று கேட்டால் வெள்ளைச் சோளத்தை அரைத்த மாவைக் கொடுத்துவிடுவார்கள். நமக்கு வேண்டியது சூப் கெட்டியாவதற்குப் போடும் வழவழப்பான வெள்ளை மாவு. கார்ன்ஃப்ளார் என்றே கேளுங்கள். அது மைதாவின் இழுவையைக் குறைத்துக் கேக்கை மிருதுவாக்கும்.

வெண்ணெய் ஆவின் சமையல் வெண்ணெய் போன்ற உப்பில்லாததாக இருக்கட்டும். வீட்டில் கடைந்தெடுத்த வெண்ணெயில் மோர்த் தண்ணீர் அதிகம், முதல் முறைக்கு வேண்டாம். பாக்கெட் தயிர் தண்ணீராக இருந்தால் துணியில் கொஞ்ச நேரம் வடிகட்டிவிட்டு அளந்துகொள்ளுங்கள். சர்க்கரை விஷயத்தில் கவனம் வேண்டும். நம் மளிகைக் கடைச் சர்க்கரை பெரிய பெரிய கல்லாக இருக்கும், வெண்ணெயில் கரையாது. முழுக்க மாவாக அரைத்தாலும் வெண்ணெயில் காற்று பிடிக்காது. மிக்ஸியில் இரண்டே சுற்று, ரவை பருமன் வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

முடிந்தால் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். குழம்புக்குக் கண்ணளவு போதும், கேக்குக்குப் போதாது. ஒரே டம்ளரில் மைதாவை அழுத்தி அள்ளினால் ஒரு எடை, தூவி நிரப்பினால் ஒரு எடை.

செய்முறை

நேரம் விடிகாலைதான். ஆறு மணிக்கு ஆரம்பித்தால் எட்டுக்குள் கேக் வெளியே வந்துவிடும், அடுப்படியும் கொதிக்காது. மைதா, கார்ன்ஃப்ளார், பேக்கிங் பவுடர், சோடா, உப்பு எல்லாவற்றையும் இரண்டு முறை சலித்து வையுங்கள்.

வெண்ணெயைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சின்னத் துண்டுகளாக வெட்டுங்கள். மார்கழியில் இருபது நிமிடம் வெளியே இருக்கலாம். சித்திரை வைகாசியில் ஏழெட்டு நிமிடம் போதும். கடிகாரத்தைவிட விரலை நம்புங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய் மினுக்கக் கூடாது. உள்ளே இன்னும் ‘ஜில்’ என்று இருக்க வேண்டும். மேற்பரப்பு பளபளக்க ஆரம்பித்துவிட்டால் வெண்ணெய் நமக்குப் பயன்படும் நிலையைத் தாண்டிவிட்டது. திரும்ப உள்ளே வைத்துப் பத்து நிமிடம் கழித்து எடுங்கள்.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? சர்க்கரையோடு வெண்ணெயை அடிக்கும்போது சர்க்கரைத் துகள்கள் வெண்ணெயில் ஆயிரக்கணக்கான சின்னக் காற்றுக் குமிழ்களை உண்டாக்குகின்றன. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழ் உண்டாக்குவதில்லை, இருக்கிற குமிழை ஊதிப் பெரிதாக்குகிறது. உருகிய வெண்ணெயில் குமிழ் நிற்காது. என் முதல் கேக் களியானது அதனால்தான்.

வாசனை ஏற்றிய சர்க்கரையை வெண்ணெயோடு சேர்த்து, கை பீட்டரில் நடுத்தர வேகத்தில் நான்கு, ஐந்து நிமிடம் அடியுங்கள். மரக்கரண்டி என்றால் பன்னிரண்டு நிமிடம் ஆகும், கை வலிக்கும். கோடையில் கிண்ணத்தைக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய தட்டில் வைத்து அடித்தால் வெண்ணெய் இளகாது. மஞ்சள் வெளுத்துத் தந்த நிறத்துக்கு வந்து, அளவும் கூடித் தெரியும். அதுதான் அடையாளம்.

முட்டையை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றி, ஒன்று முழுக்கக் கலந்த பிறகு அடுத்தது. நம் கடைகளில் முட்டையை வெளியிலேதான் அடுக்கி வைத்திருப்பார்கள், அதனால் குளிர் பிரச்சினை இருக்காது. கலவை திரிந்த பால் போலத் தெரிந்தால் பயப்படாமல் ஒரு கரண்டி மாவைச் சேர்த்து அடியுங்கள், கூடி வந்துவிடும். முட்டை வாடை பிடிக்காதவர்களும் இந்தக் கேக்கைச் சாப்பிடுவார்கள், எலுமிச்சை அதை மறைத்துவிடும்.

இப்போது ஓவனை 170 டிகிரியில் போட்டுவிடுங்கள். கீழ்க்கம்பி, மேல்கம்பி இரண்டும் எரியும் நிலை. பதினைந்து நிமிடமாவது காய வேண்டும். தயிரும் எலுமிச்சைச் சாறும் சோடாவைச் சந்தித்த உடனே நுரைக்க ஆரம்பித்துவிடும். மாவு கலந்த பிறகு ஓவன் சூடாகட்டும் என்று காத்திருந்தால் அந்த நுரையெல்லாம் வீணாகப் போய்விடும்.

அச்சுக்கு வருவோம். பண்ட் கேக் என்றாலே எல்லோருக்கும் பயம், அச்சிலிருந்து வருமா வராதா என்பதுதான். எனக்கு இரண்டாவது கேக்கில் மேல்பாதி தனியாக அச்சுக்குள்ளேயே தங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற சித்தி அச்சை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நீ மேலாகத் தடவியிருக்கே. பணியாரக் கல்லுக்கு ஒவ்வொரு குழியாத்தானே எண்ணெய் காட்டுவோம்? இதுலயும் அப்படித்தான் பார்க்கணும்.” அவர் அதுவரை ஒரு கேக்கும் செய்ததில்லை. ஆனால் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. உள்மடிப்பு ஒவ்வொன்றின் அடியிலும், நடுக்குழாயின் உச்சி வரையிலும் தடவ வேண்டும். குழாயை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

வெண்ணெயைத் தடவாதீர்கள். அதில் தண்ணீரும் பால் திப்பியும் இருக்கிறது, திப்பிதான் அச்சில் ஒட்டும். நெய், எண்ணெய், மைதா மூன்றையும் ஒன்றாகக் குழைத்து, பிரஷ்ஷால் பூசுங்கள். இங்கேயும் வெயில் வேலையைக் காட்டும். அரை மணி நேரம் முன்பே பூசி வைத்தால் மொத்தமும் வழிந்து அடியில் தேங்கிவிடும், மேல்பக்கம் வெறுமையாக நிற்கும். மாவு ஊற்றுவதற்குச் சற்று முன் பூசி, அச்சைக் குளிர்பெட்டியில் ஐந்து நிமிடம் வையுங்கள். பூச்சு உறைந்து நிற்கும்.

சலித்த மாவில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு தயிர்ப்பாலில் பாதி, மறுபடி மாவு, மீதித் தயிர்ப்பால், கடைசியில் மீதி மாவு என்று மாற்றி மாற்றிச் சேர்த்து, கரண்டியால் மடித்து மடித்துக் கலக்குங்கள். 2 மேசைக்கரண்டி சாற்றை இரண்டாம் சுற்றுத் தயிரோடு ஊற்றிவிடலாம். வெள்ளை மாவு கண்ணில் படாத அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். பரோட்டா மாஸ்டர் இதே மைதாவைப் பிசைந்து, ஊறப்போட்டு, கல்லில் அடித்து வீசுவதைப் பார்த்திருப்பீர்கள். அவருக்கு இழுவை வேண்டும். நமக்கு அது ஆகாது. நீங்கள் கூடுதலாகக் கலக்கும் ஒவ்வொரு சுற்றும் கேக்கைப் பரோட்டா பக்கம் கொண்டுபோகிறது.

மாவு இட்லி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியைச் சாய்த்தால் தொப்பென்று விழாமல் மெதுவாகச் சரிந்து விழ வேண்டும். அச்சில் ஒரே இடத்திலிருந்து ஊற்றி, அதுவாகச் சுற்றி வர விடுங்கள். அப்போது மடிப்புகளுக்குள் காற்று மாட்டிக்கொள்ளாது. முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்ப வேண்டாம். மடித்த துண்டின்மேல் அச்சை நான்கைந்து முறை தட்டி வைத்தால் பெரிய குமிழ்கள் மேலே வந்து உடையும்.

ஓவனில் கீழ்த் தட்டில் வையுங்கள். முதல் இருபத்தைந்து நிமிடம் கதவைத் திறக்கவே கூடாது, உள்ளே எட்டிப் பார்க்க ஆசையாக இருந்தாலும் கண்ணாடி வழியாகத்தான். முப்பது நிமிடத்தில் மேலே கறுக்க ஆரம்பித்தால் ஒரு அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்துங்கள். லேசாக நிறம் கூடினால் கவலை வேண்டாம், கவிழ்த்ததும் அந்தப் பக்கம் அடியாகிவிடும்.

நாற்பது நிமிடத்தில் குத்திப் பாருங்கள். பல்குச்சி இந்த ஆழத்துக்கு எட்டாது. புதுத் தென்னை ஈர்க்கு ஒன்றைக் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டால் அதைவிட நல்ல கருவி இல்லை. ஈரமாவு ஒட்டாமல், ஒன்றிரண்டு தூள் மட்டும் ஒட்டி வந்தால் எடுத்துவிடலாம். எங்கள் ஓவனில் 43 நிமிடம் ஆகிறது. உங்களுடையதில் 50 கூட ஆகலாம்.

கவிழ்ப்பதும் பாகு ஊற்றுவதும்

வெளியே எடுத்ததும் பத்து நிமிடம், கடிகாரம் பார்த்து. உடனே கவிழ்த்தால் கேக்கில் பலம் இருக்காது, உடையும். முழுக்க ஆறவிட்டால் சர்க்கரை இறுகி அச்சோடு பிடித்துக்கொள்ளும். அந்தப் பத்து நிமிடத்தில் பாகைச் செய்துவிடலாம். சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்துக் கரையும்வரை சூடாக்கி, கம்பிப் பதமெல்லாம் பார்க்காமல் இறக்கி, ஆறினதும் சாற்றை ஊற்றுங்கள். கொதிக்கும் பாகில் சாறு ஊற்றினால் வாசனை ஆவியோடு போய்விடும்.

நேரம் ஆனதும் நடுக்குழாயைச் சுற்றி மெலிசான கத்தியை ஒரு முறை விட்டு, தட்டை மேலே வைத்து ஒரே மூச்சில் கவிழ்த்து, அச்சின்மேல் இரண்டு முறை தட்டுங்கள். பொத்தென்று ஒரு சத்தம் கேட்டால் கேக் இறங்கிவிட்டது, அச்சை நேராகத் தூக்குங்கள். சத்தம் வரவில்லை என்றால் கிளற வேண்டாம். சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துண்டை அச்சின்மேல் இரண்டு நிமிடம் போர்த்திவிட்டு மறுபடி தட்டுங்கள். அப்படியும் ஒரு துண்டு உள்ளே தங்கினால் அதை எடுத்து அதன் இடத்தில் பொருத்துங்கள். பாகும் மேல்பூச்சும் சேர்ந்து ஒட்டவைத்துவிடும்.

கேக் வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஈர்க்கால் பரவலாகக் குத்தி, பாகைக் கரண்டி கரண்டியாக, ஒன்று உறிஞ்சிய பிறகு அடுத்ததாக ஊற்றுங்கள். நம் ஊர் வறண்ட காற்றில் கேக் சீக்கிரம் காய்ந்துபோகும், இந்தப் பாகுதான் அதைக் காப்பாற்றுகிறது. புளிப்பு வேண்டும் என்பவர்களுக்கும் அதற்கான இடம் இதுதான், மாவு இல்லை.

மேல்பூச்சுக்கு அவசரப்படக் கூடாது. கேக் முழுக்க ஆறியிருக்க வேண்டும், மின்விசிறிக்கு அடியிலேயே இரண்டு மணி நேரம் ஆகும். ஐசிங் சர்க்கரையில் சாற்றை அரைத் தேக்கரண்டியாக விட்டுக் குழையுங்கள், தேன் போல மெதுவாக வழிய வேண்டும். ஒரு தேக்கரண்டி அதிகமானாலும் தண்ணீராகி மடிப்பெல்லாம் வழிந்து தட்டில் நிற்கும். ஐசிங் சர்க்கரை கிடைக்கவில்லை என்றால் சாதாரணச் சர்க்கரையோடு ஒரு தேக்கரண்டி கார்ன்ஃப்ளார் சேர்த்து மிக்ஸியில் நைசாக அரைத்துச் சலித்துக்கொள்ளலாம். உச்சியில் சுற்றிலும் ஊற்றி விட்டுவிடுங்கள், அது தானாக மடிப்புகள் வழியே இறங்கும்.

முட்டை சாப்பிடாத வீடுகளில், முட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தயிரை மட்டும் கூட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். வெண்ணெயை அடித்துச் செய்யும் இந்த முறை முட்டையை நம்பியது. முட்டையில்லாத எலுமிச்சை கேக்குக்கு எண்ணெயும் தயிரும் வைத்துச் செய்யும் வேறு செய்முறை இருக்கிறது, அதையே இதே அச்சில் ஊற்றுங்கள். அதற்கும் தோலைச் சர்க்கரையில் பிசிறுவது, அச்சுக்குப் பூசுவது எல்லாம் இதேதான்.

கேக்கை அன்றைக்கே வெட்டலாம். ஆனால் மறுநாள் காலையில் பாகு உள்ளே இறங்கி, வாசனை நன்றாகக் கூடியிருக்கும். மடிப்பு மடிப்பாக வெட்டினால் துண்டுகள் ஒரே அளவாக வரும். மழைக்காலத்தில் மூடிய டப்பாவில் இரண்டு நாள் வெளியே இருக்கும், கோடையில் ஒரு நாளைக்குமேல் குளிர்பெட்டிதான். குளிரில் வெண்ணெய் இறுகிக் கேக் கல் போலத் தோன்றும், சாப்பிடுவதற்கு இருபது நிமிடம் முன் எடுத்து வைத்தால் பழையபடி ஆகிவிடும். வெளியே வைக்கும் டப்பாவை ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் வையுங்கள், இல்லாவிட்டால் விடிவதற்குள் எறும்பு வந்துவிடும். தோல் சீவிய எலுமிச்சையில் மிச்சம் இருந்தால் அன்றைக்கே பிழிந்துவிடுங்கள். தோல் போன பழம் மறுநாளே காய்ந்து கல்லாகிவிடும்.